மெல்பர்னில் மகள் வாங்கும் வீடு: மூலப்பத்திரம் கிடையாது, வில்லங்கச் சான்று கிடையாது, ஒரு பக்கத்தை நம்பி முன்பணம் கொடுக்கலாமா?

பாலக்கோட்டு அளவர்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் பாலக்கோடு. நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பென்னாகரம் மலையடிவாரத்திலிருந்து தேன்கனிக்கோட்டை வரை சங்கிலி பிடித்து அளந்திருக்கிறேன். கடைசி வருடங்களில் டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணு அளவைக் கருவி வந்தது.

மகளும் மாப்பிள்ளையும் ஆஸ்திரேலியாவில், மெல்பர்னுக்கு மேற்கே இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் அங்கே பி.ஆர்., அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை உண்டு. சொந்த வீடு பார்க்கிறார்கள். இரண்டு இடம் மனதில் இருக்கிறது. ஒன்று வெரிபியில் 1970-களில் கட்டிய செங்கல் முகப்பு வீடு. மனை 50 அடிக்கு 130 அடி, நம் கணக்கில் ஏறக்குறைய 15 சென்ட். இன்னொன்று டார்நெய்ட்டில் புதிய மனைப்பிரிவில் காலி மனை. அதற்கு இன்னும் டைட்டில், அதாவது உரிமைப் பதிவு வரவில்லை, வந்ததும் மீதிப் பணம் கட்டினால் போதும் என்கிறார்களாம்.

வெரிபி வீட்டுக்கு விற்பவர் கொடுத்த ‘செக்‌ஷன் 32’ என்ற விவர ஆவணத் தொகுப்பை மகள் எனக்கு அனுப்பினாள். முழுவதும் படித்துவிட்டேன். அதில் உரிமை பற்றிய தாள் ஒரே ஒரு பக்கம்! பதிவேட்டின் வால்யூம் எண், ஃபோலியோ (பக்க) எண், இப்போதைய உரிமையாளர் பெயர், வங்கி அடமானம் ஒன்று. அவ்வளவுதான். இவருக்கு யார் விற்றார்கள், அவருக்கு எப்படி வந்தது, பாகப்பிரிவினையா, உயிலா, வாரிசுகள் விடுதலை கொடுத்தார்களா, ஒன்றும் இல்லை. வில்லங்கமும் போட்டுத் தரவில்லை. "இங்கே இவ்வளவுதான் அப்பா, கன்வேயன்சர் பார்த்துவிட்டார்" என்கிறாள். சொத்தைக் கைமாற்றும் ஆவண வேலையைச் செய்து கொடுப்பவருக்கு அங்கே அந்தப் பெயராம்.

எத்தனையோ குடும்பங்களில் ஒரு உட்பிரிவு தப்பாக விழுந்ததால் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். பட்டாப் பதிவேட்டைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டத்தில் பெயர் மாறிப்போன பட்டாவை வைத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடந்தவர்களையும் தெரியும். அதனால் என் மனசு கேட்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: அந்த ஒரு பக்கம் எந்த அளவுக்குச் செல்லும்? அங்கே அளந்து கல் போடுவது யார்? பணத்தில் ஒரு பங்கு நான் கொடுக்கிறேன். என் பெயரையும் சேர்த்துப் பதிவு செய்வது நல்லதா?

---

ஓசூர் பத்திரம்:

வணக்கம் ஐயா. நான் ஓசூரில் பத்திரம் எழுதுகிறவன். வெளிநாட்டுச் சட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் கவலையில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

இங்கே பெங்களூரு ஆட்கள் மனை வாங்க வரும்போது நான் முதலில் கேட்பது மூலப்பத்திரம். அடுத்து 30 வருட வில்லங்கம். அடுத்து பட்டா, சிட்டா, நில அளவை வரைபடமான புலப்படம். மனைப்பிரிவு என்றால் நகர் ஊரமைப்புத் துறையின் டி.டி.சி.பி. ஒப்புதலும் ரெரா பதிவு எண்ணும். இத்தனையும் இருந்தும்கூட, இரண்டாவது தாரத்துப் பிள்ளை ஒருவர் பத்து வருடம் கழித்து வழக்குப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். வில்லங்கச் சான்று பதிவான ஆவணத்தைத்தான் காட்டும். பதிவாகாத உயிலையும் வாய்வழிப் பாகத்தையும் அது எப்படிக் காட்டும்?

ஒரு தாளை மட்டும் நம்பி ஒரு ரூபாய்கூட நகர்த்த வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். 30 வருடச் சங்கிலியைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கொடுக்க மாட்டேன் என்றால் வேறு வீடு பார்க்கலாம். அங்கே இருப்பவர்கள் யாராவது வந்து சொன்னால் நானும் தெரிந்துகொள்கிறேன்.

---

பர்கூர்ப் பொண்ணு:

ஐயா, வணக்கங்க. எனக்கு பர்கூர். சிவில் இன்ஜினியரிங் படிச்சேன். இப்ப மெல்பர்ன் மேற்குல ஒரு சர்வே ஆபீஸ்ல வேலை. நீங்க கேட்டது நான் தினமும் கையில தொடுற விஷயம், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

முதல்ல அந்த ஒரு பக்கம். நீங்க வேலை பார்த்த சர்வேயோட ஆரம்பம் உங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியும். 1792-ல நம்ம பகுதி, அப்போ பேரு பாரமகால், கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்ததும் கம்பெனி அதிகாரிங்க ரீடும் மன்றோவும் நம்ம மண்ணுல அளந்தது எதுக்குங்க? எந்த வயலுக்கு எவ்வளவு தீர்வை, யார் கட்டணும்னு தெரியறதுக்கு. விவசாயிகிட்ட நேரடியா தீர்வை வாங்கற ரயத்துவாரி முறை அங்கிருந்துதான் வளர்ந்துச்சு. பட்டா இன்னைக்கும் அந்த வழியில வந்த வருவாய்க் கணக்குதான். அது மட்டுமே உரிமைக்கு ஆதாரம் ஆகாதுன்னு கோர்ட்டுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கு. பதிவு ஆபீஸ் தனி. அது 1908-ஆம் வருஷச் சட்டப்படி பத்திரத்தைப் பதியுது, உரிமைக்குப் பொறுப்பு ஏத்துக்கறதில்ல. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற பள்ளத்தை நிரப்பத்தான் நாம மூலப்பத்திரத்தைத் தேடி அலையறோம்.

இங்க வேற வழியில போனாங்க. தென் ஆஸ்திரேலியாவுல ராபர்ட் டாரன்ஸ்னு ஒருத்தர் 1858-ல ஒரு சட்டம் கொண்டு வந்தார். விக்டோரியாவுக்கு 1862-ல வந்துச்சு. அரசாங்கப் பதிவேட்டுல யார் பேரு இருக்கோ அவரே உரிமையாளர். அந்தப் பதிவுதான் உரிமையைக் கொடுக்குது, பழைய பத்திரம் இல்ல. மோசடியாலயோ பதிவேட்டுப் பிழையாலயோ ஒருத்தர் நிலத்தை இழந்தா அரசாங்கம் நஷ்ட ஈடு கொடுக்க சட்டத்துல இடம் இருக்கு. அதனால ஓசூர் அண்ணா கேக்கற 30 வருஷச் சங்கிலியை இங்க வால்யூம், ஃபோலியோ எண் இருக்கற நிலத்துக்கு யாரும் கேக்கறதில்ல. அவர் சொன்னது நம்ம ஊருக்கு முழுசாச் சரி. இங்கயும் டாரன்ஸுக்குள்ள வராத பழைய நிலம் கொஞ்சம் மிச்சம் இருக்கு. அதுக்கு மட்டும் பத்திரம் பத்திரமாப் பின்னால போய்ப் பாக்கணும். உங்க மக பாக்கற வீடு அந்த வகை இல்ல, ஃபோலியோ எண் இருக்கே.

அந்தப் பக்கத்துல ரெண்டு இடத்தை நிதானமாப் படிங்க. ‘என்கம்பரன்சஸ், கேவியட்ஸ் அண்டு நோட்டீசஸ்’னு ஒரு பகுதி இருக்கும். அடமானம், ஆட்சேபனை மனு, கட்டுப்பாட்டு உடன்படிக்கை, உள்ளாட்சிக் கவுன்சிலோட போட்ட 173-ஆம் பிரிவு ஒப்பந்தம், எல்லாம் அங்கதான் வரும். நம்ம வில்லங்கத்துக்கு ஈடு அது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண் இருக்கும், அந்த எண்ணை வெச்சு முழு ஆவணத்தையும் லேண்டேட்டாங்கற நிலப் பதிவுத் தளத்துல பணம் கட்டி எடுக்கலாம். செக்‌ஷன் 32 கட்டுக்குள்ள அது இருக்கான்னு பாருங்க, இல்லன்னா கேளுங்க. இன்னொரு இடம் கடைசியில ‘கடந்த 125 நாள்ல நடந்தது’ன்னு வர்ற வரி. அங்க ‘நில்’ (NIL), அதாவது ஒண்ணும் இல்லன்னு இருந்தா நல்லது. பணம் கைமாறற அன்னைக்குக் காலையிலயும் கன்வேயன்சர் ஒருதரம் பதிவேட்டைத் தேடிப் பாத்துடணும். இதை உங்க மகள் வாய்விட்டுக் கேட்டு உறுதி பண்ணிக்கட்டும்.

இப்ப உங்க துறைக்கு வர்றேங்க. அரசு உத்தரவாதம் கொடுக்கறது உரிமைக்குத்தான், அளவுக்கு இல்ல. 15.24 மீட்டர்னு பிளான்ல இருந்தா தரையிலயும் 15.24 இருக்கும்னு யாரும் பொறுப்பு எடுக்க மாட்டாங்க. விற்பனை ஒப்பந்தத்துலயே பொதுவான ஷரத்து ஒண்ணு இருக்கும்: பரப்பு குறைவு, அளவு வித்தியாசம்னு சொல்லி வாங்கறவர் நஷ்ட ஈடு கேக்கக் கூடாது. பெரும்பாலானவங்க அதைப் படிக்காமலே கையெழுத்துப் போடறாங்க, அதை நினைச்சா எனக்கு மனசு தாங்கறதில்ல. அதனால அளக்கறதா இருந்தா கையெழுத்துக்கு முன்னால அளக்கணும்.

யார் அளப்பாங்கன்னு கேட்டீங்க. தாலுகா சர்வேயர் மாதிரி மனு கொடுத்துக் கூப்பிட அரசாங்க ஆள் கிடையாது. 2004-ஆம் வருஷச் சர்வே சட்டப்படி உரிமம் வாங்கின தனியார் சர்வேயர்தான் எல்லையை நிர்ணயிக்கலாம். விக்டோரியா சர்வேயர் பதிவு வாரியத்துல பேர் இருக்கான்னு பாத்துக்கலாம். நீங்க கேக்க வேண்டிய வேலைக்குப் பேர் ‘ரீ-எஸ்டாபிளிஷ்மென்ட் சர்வே’, எல்லையைத் திரும்ப நிர்ணயிக்கற சர்வே. வீட்டு நக்ஷாவுக்காக எடுக்கற மேடுபள்ள சர்வே வேற, அதை எல்லைக்கு ஆதாரமா வெச்சுக்க வேண்டாம்.

உங்க பேரைச் சேக்கறது பத்தி: வேண்டாங்க. நீங்க இந்தியாவுல இருக்கறவர், இங்க சட்டப்படி வெளிநாட்டவர். ஏற்கெனவே ஆள் குடியிருந்த பழைய வீட்டை வெளிநாட்டவர் வாங்க 2025 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை தடை போட்டிருக்காங்க, விதிவிலக்கு ரொம்பக் கொஞ்சம். காலி மனைன்னா முன் அனுமதி வாங்கி, 4 வருஷத்துக்குள்ள கட்டி முடிக்கணும். அதுக்கு மேல உங்க பங்குக்கு விக்டோரியா அரசு 8 சதவீதம் கூடுதல் முத்திரைத் தீர்வை கேக்கும். பி.ஆர். இருக்கற மகளும் மருமகனும் மட்டும் வாங்கினா இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. பணத்தைப் பரிசாக் கொடுத்துடுங்க.

டார்நெய்ட் மனை பத்தி சுருக்கமா. பிரிவினைப் பிளான் இன்னும் பதிவாகல, அதனால டைட்டில் இல்ல. முன்பணம் 10 சதவீதத்துக்கு மேல வாங்கக் கூடாது. ஒப்பந்தத்துல வேற காலக்கெடு எழுதலன்னா, 18 மாசத்துக்குள்ள பிளான் பதிவாகலன்னா வாங்கறவர் ஒப்பந்தத்தை முறிச்சுக்கலாம். டைட்டில் பயத்தைவிட மண்ணு பயந்தான் எனக்கு அங்க அதிகம். எரிமலைப் பாறை மேல களிமண்ணு. மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும். மண் பரிசோதனையில ‘எச்-1’, ‘எச்-2’, ‘பி’ன்னு வகை போடுவாங்க, அதைப் பொறுத்து அஸ்திவாரச் செலவு எங்கயோ போயிடும். மனையில எத்தனை அடிக்கு மண் கொட்டி நிரப்பியிருக்காங்கன்னு கேட்டு எழுத்துல வாங்கணும்.

---

ஓசூர் பத்திரம்:

நன்றிம்மா. பதிவேடே உரிமை என்றால் ஆள்மாறாட்டம் செய்து பதிந்துவிட்டால் உண்மையான சொந்தக்காரர் கதி என்ன என்பதுதான் எனக்கு இடறுகிறது. நஷ்ட ஈடு சட்டத்தில் இருக்கிறது என்று நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் தாத்தா பூமிக்குப் பணம் ஈடாகுமா?

---

பர்கூர்ப் பொண்ணு:

ஆகாதுங்க அண்ணா. மோசடியில தனக்குப் பங்கு இல்லாம வாங்கிப் பதிஞ்சவருக்கே இந்த முறை பெரும்பாலும் பாதுகாப்புக் கொடுக்குது. இழந்தவருக்குப் பணம்தான். அதுக்காகத்தான் விக்கறவர், வாங்கறவர் ரெண்டு பேரோட அடையாளத்தையும் சரிபாக்கணும்னு கட்டாயம் வெச்சிருக்காங்க. பதிவும் இப்ப மின்னணு முறையில நடக்குது, கையில ஒரிஜினல் பத்திரம்னு ஒண்ணும் வராது. முதல்தடவை பாக்கற நம்ம ஊர் அப்பா அம்மாக்கு இது பெரிய குறைதான். பூட்டி வெக்க ஒரு தாள் இல்லையேன்னு.

---

தகடூர் கணக்கு:

தர்மபுரியில் வருமான வரிக் கணக்குப் பார்க்கிறேன். பணம் அனுப்பும் பகுதியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஐயா, தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குப் பரிசாக அனுப்புவதும் அதற்குள் அடங்கும். வங்கியில் ஏ-2 படிவமும் பான் எண்ணும் கேட்பார்கள். ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டி.சி.எஸ். என்ற முன்வரி பிடிக்கும். படிப்பு, மருத்துவச் செலவு என்றால் வேறு விகிதம், உங்களுக்கு அது பொருந்தாது. பிடித்த பணம் போய்விடவில்லை. உங்கள் பான் கணக்கில் வரவாக இருக்கும், ரிட்டர்ன் போடும்போது வரியில் கழிக்கலாம் அல்லது திரும்பப் பெறலாம். ஆனால் அதுவரை அந்தத் தொகை உங்கள் கையில் இருக்காது, கணக்குப் போடும்போது இதை மறக்க வேண்டாம். உங்கள் மனைவி பெயரில் சொந்தப் பணம் இருந்தால் அவர் தனியாக அனுப்பலாம், அந்த 10 லட்சம் வரம்பு அவருக்குத் தனி.

நிலம் விற்ற பணமா? கிராமப்புற விவசாய நிலம் என்றால் மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் நகராட்சி, பேரூராட்சி எல்லையிலிருந்து அதன் மக்கள் தொகையைப் பொறுத்து 2, 6 அல்லது 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். தூரத்தை ரோட்டு வழியாக எடுக்கக் கூடாது, வான்வழி நேர்க்கோட்டில் எடுக்க வேண்டும். பாலக்கோட்டுக்குப் பக்கத்து நிலம் என்றால் இதை இப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று தங்கை சொன்னதற்கு என் பக்கத்திலிருந்தும் ஒரு காரணம் உண்டு. வெளிநாட்டில் உங்கள் பெயரில் சொத்து இருந்தால் ஒவ்வொரு ஆண்டும் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துக்கான எஃப்.ஏ. அட்டவணையில் காட்ட வேண்டும். விட்டுப்போனால் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடம் இருக்கிறது.

---

பாலக்கோட்டு அளவர்:

அம்மா, உன்னை நேரில் பார்த்ததில்லை, ஆனாலும் என் துறையில் ஒரு பிள்ளை இப்படி எழுதுவதைப் படிக்க நிறைவாக இருக்கிறது. கணக்குத் தம்பிக்கும் நன்றி. மாந்தோப்பில் ஒரு பகுதியை விற்ற பணம்தான். பேரூராட்சி எல்லையிலிருந்து தூரத்தை வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறேன். பெயர் சேர்க்கும் யோசனையை விட்டுவிட்டேன்.

டார்நெய்ட் வேண்டாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. பேரனுக்குப் பள்ளிக்கூடம் பக்கம் என்பதால் வெரிபி. ஏலம் இல்லை, நேரடி விற்பனை. இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

நீ சொன்ன பிறகு பிளானைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பழைய ‘லாட்ஜ்டு பிளான்’ என்ற மனைப்பிரிவு வரைபடம், அளவெல்லாம் அடி அங்குலத்தில். முன்பக்கம் 50 அடி, ஆழம் 130 அடி, அதாவது 15.24 மீட்டரும் 39.62 மீட்டரும். ரோட்டின் அகலம் 66 அடி என்று போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் என் கை தானாக நின்றது. 66 அடி என்றால் ஒரு சங்கிலி, 100 லிங்க். நம் பழைய புலப்படங்களில் லிங்க் கணக்கில் எழுதியதும் அதே குன்டர் சங்கிலிதான்!

மாப்பிள்ளையை அனுப்பி டேப் வைத்து அளக்கச் சொன்னேன். முன்பக்கம் வேலிக்கு வேலி 15.20. சரி. பின்பக்கம் 14.91. பக்கத்து ஆழம் இரண்டும் ஒத்துப்போகிறது. கோணல் இடது பக்க வேலியில் என்று போட்டோவைப் பார்த்தாலே தெரிகிறது. கார் பின்னால் போகும் வழியும் அந்தப் பக்கம்தான். இங்கே என்றால் புலப்படத்தை எடுத்துக்கொண்டு மூன்று கிராம எல்லை சேரும் முச்சந்திக் கல்லைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து கோடு போட்டு அளந்து ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடுவேன். அங்கே வேலி நிற்கும் இடம்தான் எல்லையா? 33 சென்டிமீட்டர் அங்கே பெரிய விஷயமா, விட்டுவிடலாமா? பின்பக்கம் 6 அடிக்கு ஒரு பட்டை வரைந்து கழிவுநீர் என்று எழுதியிருக்கிறது. அது என்ன?

---

பர்கூர்ப் பொண்ணு:

விட்டுவிடாதீங்க ஐயா.

வேலி எல்லை இல்ல. வேலி போட்டவர் கையில அன்னைக்கு என்ன நூல் இருந்துச்சோ அதுதான் வேலி. மரப்பலகை கனம், தூண் கனம்னு நாலஞ்சு சென்டிமீட்டர் போகட்டும், 33 அதுல அடங்காது. 1958-ஆம் வருஷச் சொத்துச் சட்டத்துல 272-ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, உங்களுக்குப் பிடிக்கும்: பத்திரத்துல சொன்ன எல்லை நீளம் 40.30 மீட்டர் வரைக்கும்னா 50 மில்லிமீட்டர் பிழையைப் பொறுத்துக்கணும், அதுக்கு மேல நீளம்னா 500-க்கு 1. உங்க 15.24-க்கு 5 சென்டிமீட்டர்தான் அனுமதி. நீங்க சொல்றது அதைப் போல ஆறு மடங்குக்கு மேல.

எனக்குக் கவலை அந்த வேலியோட வயசு. விக்டோரியாவுல பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பட்டை நிலத்தை 15 வருஷம் தடையில்லாம, அனுமதி கேக்காம, வேலி போட்டு அனுபவிச்சிருந்தா அனுபவ பாத்தியம் கோரலாம். நம்ம ஊர்ல 12 வருஷம். அரசு உத்தரவாதம் கொடுத்த டைட்டிலும் இந்த ஒரு விஷயத்துக்கு அடங்கினதுதான், சட்டத்துலயே அப்படித்தான் எழுதியிருக்கு. நடுவுல வீடு கை மாறினாலும் அந்த 15 வருஷம் ஓடிக்கிட்டேதான் இருக்கும். வேலி 20 வருஷப் பழசுன்னு வெச்சுக்கங்க, உங்க மக பேர்ல பதிவாகற 15.24-ல பின்பக்கம் 33 சென்டிமீட்டர் பேப்பர்ல மட்டும் இருக்கலாம். கார் வழி அந்தப் பக்கம்னு வேற சொல்றீங்க. வீட்டுச் சுவத்துக்கும் வேலிக்கும் நடுவுல எவ்வளவு இருக்குன்னு மருமகனை அளக்கச் சொல்லுங்க. பின்னால ஒரு அறை கட்டணும்னு போனா, கட்டட அனுமதிக்கு எல்லையிலிருந்து தூரம் கேப்பாங்க, அப்ப இந்தப் பிரச்சினை எழுந்து நிக்கும்.

கல்லு விஷயம். முச்சந்திக் கல் மாதிரி கிராமத்துக்குக் கிராமம் நட்ட கல் இங்க கிடையாது. பழைய மனைப்பிரிவுல மூலைக்கு மரக்குச்சி அடிச்சுட்டுப் போயிருப்பாங்க. அது எப்பவோ மக்கிப்போயிருக்கும். நாங்க போனா நடைபாதை ஓரக் கல்லுல அடிச்ச ஆணி, மண்ணுக்குள்ள பழைய இரும்புக் குழாய், தெருக்கோடியில வேற சர்வேயர் விட்ட குறி, இதையெல்லாம் தேடுவோம். பக்கத்து மனைகளுக்கு முன்னால நடந்த சர்வே ஆவணங்களை எடுத்து ஒண்ணோட ஒண்ணு பொருத்திப் பாத்து, தெரு முழுக்க எவ்வளவு உபரி, எவ்வளவு குறைன்னு கணக்குப் போட்டுத்தான் மூலை வைப்போம். ஒரு மனைக்காகத் தெருவையே அளக்கற மாதிரி. அதனாலதான் கட்டணமும் கூடுதலாத் தெரியும், தயங்காதீங்க. அறிக்கையில பிளான் அளவு, தரையில எடுத்த அளவு, வேலி எந்தப் பக்கம் எத்தனை சென்டிமீட்டர் தள்ளியிருக்குன்னு மூணும் தனித்தனியா வரும். உரிமம் வாங்கின சர்வேயர் கையெழுத்து அதுல இருக்கணும்.

பின்பக்கம் 6 அடி, அதாவது 1.83 மீட்டர், கழிவுநீர்க் குழாய்க்கான ஈஸ்மென்ட். நிலம் உங்க மகளோடது, ஆனா குழாய் போட, தோண்டிப் பழுது பாக்கக் குடிநீர் நிறுவனத்துக்கு உரிமை உண்டு. அது மேல அவங்க சம்மதம், கவுன்சில் சம்மதம் இல்லாம எதுவும் கட்டக்கூடாது. அங்க இப்ப ஒரு ஷெட் நிக்குதான்னு பாருங்க. நின்னா அனுமதி இருக்கான்னு கேளுங்க, விக்கறவர் 7 வருஷத்துக்குள்ள வாங்கின கட்டட அனுமதியை செக்‌ஷன் 32-ல காட்டியாகணும். அதுக்கு முந்தினதுன்னா கவுன்சில்லதான் கேக்கணும்.

நேரடி விற்பனைன்னா கையெழுத்துப் போட்ட பிறகு 3 வேலை நாளுக்குள்ள பின்வாங்கலாம். விலையில 0.2 சதவீதம் போகும், குறைஞ்சது 100 டாலர். ஆனா அந்த 3 நாள்ல சர்வேயர் கிடைக்க மாட்டார். முன்னாலயே முடிங்க, இல்ல சர்வே திருப்தியா வந்தாத்தான் ஒப்பந்தம் செல்லும்னு ஷரத்துச் சேருங்க.

---

பாலக்கோட்டு அளவர்:

சர்வே முடிந்து அறிக்கை வந்துவிட்டது. மகள் அனுப்பினாள், பெரிதாகப் பிரிண்ட் போட்டு மேசையில் விரித்துப் பார்த்தேன். மனை பிளானில் உள்ளபடி இருக்கிறது. தெருவில் மூன்று இடத்தில் பழைய குறி கிடைத்ததாகக் காட்டியிருக்கிறார். இடது வேலி பின் மூலையில் 31 சென்டிமீட்டர் நம் பக்கம் ஏறியிருக்கிறது, முன்னால் சரியாக இருக்கிறது. அதாவது ஒரு நீண்ட முக்கோணம், ஏறக்குறைய 6 சதுர மீட்டர். வேலை சுத்தமான வேலை. அந்த சர்வேயருக்கு என் வணக்கத்தைச் சொல்லச் சொன்னேன்.

வேலி எப்போது போட்டது என்று விற்பவருக்கே தெரியவில்லையாம். கன்வேயன்சர் இரண்டு வழி சொல்கிறார். விற்பவரே வேலியை எல்லைக்கு நகர்த்திக் கொடுப்பது, அல்லது விலையில் குறைத்துக்கொண்டு அப்படியே வாங்குவது. நகர்த்துவதுதான் சரி என்பது என் எண்ணம். மகள் விலையைக் குறைத்து முடித்துவிடலாம் என்கிறாள். பக்கத்து வீட்டில் ஒரு வயதான இத்தாலிக்காரர் இருக்கிறாராம், குடி போகும் முன்பே அவரோடு மனத்தாங்கல் வேண்டாம் என்கிறாள். நீ என்ன சொல்கிறாய்?

---

பர்கூர்ப் பொண்ணு:

உங்க மகள் சொல்றதுல நியாயம் இருக்குங்க. ஆனா விலையைக் குறைச்சுட்டு வேலியை அப்படியே விட்டா, அந்த 15 வருஷக் கணக்கு ஓடிக்கிட்டே இருக்கும். ஏற்கெனவே முடியலன்னாலும் உங்க மகள் காலத்துல முடிஞ்சுடும்.

முதல்ல அந்தப் பக்கத்து வீட்டுப் பெரியவரைப் போய்ப் பாக்க உங்க மகள்கிட்டச் சொல்லுங்க. சர்வே பிளானைக் கையில எடுத்துக்கிட்டு, விக்கறவரும் கூட வரட்டும். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாம பொது வேலியைத் தொடக்கூடாது, 1968-ஆம் வருஷ வேலிச் சட்டப்படி முறையா நோட்டீஸ் கொடுத்து, ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டுத்தான் செய்யணும். வயசானவங்க பல பேர் பிளானைக் காட்டினா சரிம்மான்னு ஒத்துக்கறாங்க, என் வேலையில பாத்திருக்கேன். ஒத்துக்கிட்டார்னா, "பத்திரம் முடியறதுக்கு முன்னால விற்பவர் செலவுல வேலி எல்லைக்கு நகரணும்"னு தனி ஷரத்தா ஒப்பந்தத்துல எழுதி, சர்வே பிளானை அதோட இணைக்கணும். ஒத்துக்கலன்னா, அப்ப விலையைப் பேசுங்க. அந்த 6 சதுர மீட்டர் நமக்கு இல்லங்கற கணக்குல பேசுங்க, கார் வழிக்கு மிச்சம் இருக்கற அகலம் போதுமான்னு பாத்துட்டு.

ஷரத்து எழுதிட்டா, பணம் கட்டறதுக்கு முந்தின 7 நாள்ல ஒருதரம் வீட்டைப் பாக்க வாங்கறவருக்கு உரிமை இருக்கு. அன்னைக்கு மருமகன் டேப்போட போகட்டும். பின் மூலையில 15.24 இருக்கான்னு அளந்து, இருந்தா மட்டும் கன்வேயன்சருக்குச் சரின்னு சொல்லட்டும்.